மூன்றாவது பூச்சு

"ஒரு சிப்பாய்க்கு எத்தனை தடவைதான் சட்டை போடுவீங்க?" என்று கேட்டாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"சட்டை இல்லம்மா, வெளிச்சம் போடறேன்."

அவர் நிமிரவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய போர் ஒன்றின் காலாட்படை அவர்முன் நின்றது. ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரப் பொம்மை. தூரிகையால் முதலில் கறுப்பு. அது காய்ந்தபின் அடர்சிவப்பு. பிறகு, சட்டை மடிப்புகளை இருட்டிலேயே விட்டுவிட்டு, மேடான இடங்களில் மட்டும் வெளிர்சிவப்பு.

சாப்பாட்டு மேசை போர்க்களமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் துணி தேய்க்கும் பலகையில் வீட்டுப்பாடம் எழுதினாள். பொறுத்துப் பார்த்த மனைவி கடைசியில் ஒரு நிபந்தனை விதித்திருந்தாள்: ஞாயிறன்று அவளுடைய தம்பியோடு பகடை உருட்டி ஒரு பொம்மைப் போர். இவர் வென்றால் மேசை ஆயுளுக்கும் இவருடையது; தோற்றால் அன்றே காலி செய்ய வேண்டும்.

ஞாயிறன்று மைத்துனன் மூடிய பெட்டியோடு வந்து, அதைப் பச்சைப் பஞ்சினாலான காட்டுக்குள் வைத்தான். மறைந்திருக்கும் படையை, எதிரி ஒரு சாண் தூரத்துக்குள் வரும்வரை வெளியே காட்ட வேண்டியதில்லை. அது அவரே வகுத்த விதி.

அவருடைய மூன்று வரிசைகளும் முன்னேறின. மைத்துனன் பகடையை உருட்டினான். ஆறு.

"பீரங்கி சுட்டிருச்சு மாமா. முன்வரிசை மொத்தமும் காலி. படுக்க வைங்க."

"படுக்கணுமா?"

"செத்தவன் நின்னுக்கிட்டா இருப்பான்?"

நீட்டிய கை பாதியில் நின்றது. வார்னிஷ் இன்னும் இறுகவில்லை. பக்கவாட்டில் சாய்த்தால் தோள் விளிம்பின் மயிரிழைக் கோடு உரசும். மல்லாத்தினால் முதுகுப்பை போகும். குப்புற என்றால் மூக்கு. மூக்குக்கு மட்டுமே நான்கு பூச்சு.

"அடியில ஒரு துணி விரிச்சுக்கலாமா மாப்ள?"

"போர்க்களத்துல மெத்தையா?"

பின்னால் இரண்டு வரிசைகள் மிச்சமிருந்தன. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உயர்த்தினார்.

"சரணடையறேன். ஒருத்தனையும் தொடாத."

ஒவ்வொருவனையும் காலடிப் பீடத்தைப் பிடித்துத் தூக்கி அலமாரிக்குக் குடிபெயர்த்தார். காட்டையும் அள்ளினார். மேசையில் எஞ்சியது மைத்துனனின் பெட்டிதான்.

"உன் படையையாவது காட்டு. எத்தனை பூச்சு அடிச்சிருக்கேன்னு பார்ப்போம்" என்றார், தோற்ற தளபதிக்குரிய கண்ணியத்துடன்.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் வந்து மூடியைத் திறந்து, நான்கு புதிய சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து மேசையின் நான்கு பக்கமும் வைத்தாள். பெட்டியில் வேறெதுவும் இல்லை.