நான்காவது விநாடி

மார்ச் 4, செவ்வாய், காலை பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஓடிக்கொண்டிருந்த பன்னிரண்டு புரோகிராம்களில் ஒன்றைக் கணினியே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கொன்றது, அதாவது ஓட்டத்தை நிறுத்தியது. அது வாராந்தரச் சோதனை. விழுந்ததைப் பணியில் இருப்பவர் கையால் எழுப்பி மீண்டும் ஓடவைக்க வேண்டும்.

அன்று பணியில் இருந்த அவள் விசைப்பலகையைத் தொடுமுன், நான்காவது விநாடியில், அது தானாக எழுந்துவிட்டது. திரையில் ‘எழுப்பியவர்’ என்ற இடத்தில் அவள் கணவனின் பெயர் இருந்தது. அதே நாற்காலியில் வேலை பார்த்தவன். இறந்து இரண்டு மாதமாகியிருந்தது.

“சார், நீங்க ஏதாவது பண்ணீங்களா?”

“நானா? என் ரெண்டு கையும் டீ கப்பைப் பிடிச்சிட்டிருக்கு,” என்று எட்டிப் பார்த்த மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “அவரோட லாகினை இன்னும் மூடலையாம்மா? தணிக்கை வந்தா என் தலைதான் உருளும்.”

“இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே சார்.”

“மனசைக் கல்லாக்கிக்கிட்டு மூடிடும்மா.”

மூடினாள்.

அடுத்த செவ்வாய் புரோகிராம் விழுந்தபோது அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது எழாவிட்டால் அழைப்புகள் தேங்கும், தன் வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நான்கில் எழுந்தது. அவள் கைகள் இன்னும் மடியில்தான் இருந்தன. ‘எழுப்பியவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

சோதனை வெற்றி என்று மேலாளர் பதிவு செய்தார்.