மீட்டரில் பூஜ்யம்

"செருப்பைக் கழட்டிட்டு, தண்ணியில கையை விட்டுப் பாரும்மா. செருப்புக் காலோட விட்டா ஒண்ணும் தெரியாது" என்றார் லான் பெரியவர்.

யாதின் அவரை முறைத்தாள். மீன் தொட்டியில் கரண்ட் கோளாறு என்று அவர் ஃபோன் செய்ததால், கீலுங் நகரத்து மழையில் தெப்பலாக நனைந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்து மாடி ஏறி வந்த களைப்பு அவளுக்கு. தெருமுனையில் அவளும் கணவனும் நடத்தும் கடையில் குழாய் வேலை, மின்சார வேலை இரண்டும் உண்டு.

"ஐயா, தண்ணியும் எங்க பிழைப்புதான், கரண்டும் எங்க பிழைப்புதான். ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா மட்டும் எங்களுக்கு ஆகாது. முதல்ல வோல்ட் மீட்டர் பார்க்கட்டும், அப்புறம் என் கை பார்க்கும்."

"எனக்கு எண்பது ஆகப்போகுது. என் கையை நம்ப முடியல, அதான் சொன்னேன்."

மீன் தொட்டி கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மூன்று சிவப்புக் கிளிமீன்கள், மூன்றும் நல்ல கொழுகொழு. தொட்டிக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, தூசி தட்டி வைத்தது. பெரியவரோ வெறுங்காலோடு நின்றார்.

"இது யாரோடது? நீங்க போட்டுக்கலாமே. தரை ஜில்லுன்னு இருக்கு."

"என் வீட்டுக்காரி வென்லிங்கோடது. அவதான் தொட்டியைப் பார்த்துப்பா. அவ கண்ணை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு." தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்தத் தொட்டி மட்டும் அவ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

யாதின் மீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைச் சமையலறைக் குழாயிலும் வைத்தாள். பூஜ்யம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். விளக்கைப் போட்டாள், பூஜ்யம். மோட்டாரைப் போட்டாள், பூஜ்யம்.

பெரியவர் ஒவ்வொரு தடவையும் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மனிதருக்கு இன்னும் பயம் விடவில்லை என்று யாதின் நினைத்துக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து இந்தத் தொல்லை?"

"புதன்கிழமையிலேர்ந்து."

"மீன் ஒழுங்கா சாப்பிடுதா?"

"அதுங்களுக்கு என்ன குறை? என்னைவிட நல்லா சாப்பிடுது."

"அதுக்கு முன்னாடி எப்பவாவது ஷாக் அடிச்சிருக்கா?"

"அது வருஷக்கணக்கா அடிக்கும்." பெரியவர் முதல்முறையாகச் சிரித்தார். "வென்லிங் செருப்பைப் போட்டுக்கிட்டு ஒரு கையைத் தண்ணியில விடுவா. இன்னொரு கையால என் காதைத் தொடுவா. நான் வெறுங்கால். சுருக்குன்னு இருக்கும், துள்ளிடுவேன். அவளுக்கும் லேசா சுருக்குன்னுதான் இருக்கும், ஆனா நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பா."

"இது விளையாடுற விஷயமா ஐயா? தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர் கீறல் விட்டிருக்கும். ப்ளக்குல மூணாவதா இருக்கிற எர்த் பின்னையும் வெட்டியிருப்பீங்க."

"சுவர்ல இருந்தது ரெண்டு ஓட்டைதானே? குறடால நான்தான் வெட்டினேன். இந்தக் கட்டடத்துல வெட்டாதவன் யாரு, சொல்லு."

அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கே இரண்டு பின்தான்.

குனிந்து தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். ஹீட்டர் புத்தம் புதுசு. ப்ளக்கில் மூன்று பின்னும் முழுசாக இருந்தன. சுவரில் புது சாக்கெட், மூன்று துளை. எர்த் ஒயரில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அந்த மஞ்சள் டேப் அவள் கடையில் மட்டும்தான் உண்டு, மொத்தமாக வாங்கியவளே அவள்தான்.

"புதன்கிழமை குழாய் ஒழுகுதுன்னு என் வீட்டுக்காரர் வந்தாரே, அவர் வேலையா இது?"

"அவர்தான். மீனைத் தொட்டுப் பார்க்கக் கையை விட்டார், துள்ளிட்டார். அப்புறம் வாயே திறக்கல. எல்லாத்தையும் மாத்திட்டு, பழைய ஹீட்டரை குப்பை வண்டியில போட்டுட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன்."

யாதினுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அந்த ஊமைக்கோட்டான். கடைசியாக ஹீட்டரையும் போட்டாள். பூஜ்யம்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை கையை விட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு கிளிமீன் வந்து விரலை முட்டிவிட்டுப் போயிற்று.

"பாருங்க, வெறுங்காலோட நிக்கிறேன். துளிக்கூட கரண்ட் இல்ல. இனி நிம்மதியா இருங்க."

பெரியவரும் பக்கத்தில் வந்து தன் கையை விட்டார். சட்டைக் கை நனைவதைக்கூடப் பார்க்காமல் தண்ணீரைத் துழாவினார்.

"அப்போ என் கை மரத்துப் போகல" என்றார் மெல்ல. "நிஜமாவே போயிடுச்சு."

"எது ஐயா போச்சு?"

"தினமும் காலையில எழுந்ததும் ஒரு விரலை விடுவேன். சுருக்குன்னு, அவ வந்து காதைத் தொட்ட மாதிரி இருக்கும்." கையை வெளியே எடுக்காமலே அவள் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டு வருஷத்துல என்னைத் தொட்டது அது ஒண்ணுதாம்மா. அந்தக் கரண்டைத் திரும்பக் கொண்டு வரத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."