மகிழ்ந்த மைனா

பறவைகளின் இணைய மன்றத்தில், கூடு விற்கும் தூக்கணாங்குருவி செய்த குற்றங்கள் வரிசைப்படி இவை. முதலாவது, யார் எதைக் கேட்டாலும் "என்னிடம் கூடு வாங்குங்கள்" என்று எழுதியது. இரண்டாவது, வாங்கிய கூடு ஒழுகுகிறது என்று எழுதிய தினைக்குருவியைப் பொறாமைக்காரி என்று ஏசியது. மூன்றாவது, 'மகிழ்ந்த மைனா' என்ற பொய்ப்பெயரில் நுழைந்து, "இந்தத் தொங்கும் கூட்டில்தான் குடியிருக்கிறேன், என்ன சுகம்!" என்று தன் சரக்கைத் தானே புகழ்ந்தது.

"மைனா எந்தக் காலத்தில் தொங்கியது? நாங்கள் மரப்பொந்தில் குடியிருக்கிறவர்கள்!" என்று உண்மையான மைனா எழுத, மன்றமே சிரித்தது.

அன்று மாலை மின்கம்பியில் கூட்டம் கூடியது. "மன்றத்தை விட்டு வெளியே தள்ளு!" என்று காகம் கத்தியது.

"தள்ளிவிட்டால் என் கூட்டை யாரப்பா அடைப்பது?" என்றது தினைக்குருவி. "மழை வருகிறது. உள்ளே முட்டைகள் இருக்கின்றன."

தூக்கணாங்குருவி தலைகுனிந்தது. "குறையை ஒப்புக்கொண்டால் அப்புறம் யாரக்கா வாங்குவார்கள்? அந்தப் பயம்தான்."

"முதலில் என் புகாருக்குப் பதில் எழுது. வாங்குகிறவர்கள் அதையும் படிக்கட்டும்."

தூக்கணாங்குருவி அங்கேயே மன்றத்தில் எழுதியது. மன்றத்தை நடத்தும் கிளி எல்லோர் முன்னிலையிலும் வாசித்தது: "அக்கா சொன்னது உண்மை. அவசரத்தில் காய்ந்த புல்லில் பின்னிவிட்டேன். மழைக்கு முன்பே பச்சைப் புல்லோடு வந்து அடைத்துத் தருகிறேன்."

"கீழே என்ன பெயர்?" என்று காகம் முறைத்தது. "மறுபடியும் மைனாவா?"

கிளி கடைசி வரியை உரக்கப் படித்தது: "தூக்கணாங்குருவி வேலப்பன்."