டிக்கியில் ஒரு சத்தம்

"மறுபடியும் சத்தம் வருதுங்க."

பெரியவர் கடை வாசல்ல நின்னு இதைச் சொன்னதும் எனக்குச் சுள்ளுனு கோபம் வந்துச்சு. அஞ்சு வாரத்துல இது அஞ்சாவது தடவை!

கார்ல ஸ்பீக்கர், பாட்டுப் போட்டா வண்டியே அதிர்ற வூஃபர் எல்லாம் மாட்டிக் கொடுக்கிற கடை என்னோடது. ஒருத்தருக்கு டிக்கியில வூஃபர் பெட்டி மாட்டிக் கொடுத்தா, அவர் முகத்தை அப்புறம் ரெண்டு வருஷத்துக்குப் பார்க்க மாட்டோம். இவர் வாராவாரம் வந்து நிக்கிறார்.

மாட்டினது எங்க கடை ஃபிட்டர் பொண்ணு. கெட்டிக்காரின்னு நினைச்சுத்தான் வேலைக்கு வச்சேன். போன வாரமே கறாரா சொல்லிட்டேன்: "இன்னொரு தடவை இந்தப் பெட்டி திரும்பி வந்தா, நீ வேற கடை பார்த்துக்க."

"சரிண்ணே"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. அழுத்தக்காரி!

"சார், இந்தத் தடவை நானே பார்க்கிறேன்"னு எழுந்தேன்.

"வேண்டாம், வேண்டாம்!" பெரியவர் பதறினார். "மாட்டினவங்களே பார்க்கட்டும். தப்புப் பண்ணினவங்கதானே சரி பண்ணணும்?"

அவ டார்ச்சோட வந்தா.

"எப்ப சத்தம் வருது, சார்?"

"காலையில நியூஸ் கேக்கும்போது."

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. நியூஸ் கேக்கிற மனுஷனுக்கு எதுக்கு இம்மாம் பெரிய வூஃபர்? கொசு அடிக்கக் கோடாலி வாங்கின கதைதான்!

"வண்டி ஓடும்போதா, நிக்கும்போதா?"

"ரெண்டுலயும்."

"வீட்ல மத்தவங்களுக்கும் கேக்குதா?"

"என் சம்சாரத்துக்கும் கேக்குது. அவதான் போய்க் காட்டிட்டு வாங்கன்னு அனுப்பினா."

"அவங்க முன் சீட்ல உக்காருவாங்களா?"

"ஆமா. இப்ப முட்டி வலி. ஏறி இறங்கவே சிரமப்படுறா."

"ரொம்ப வலியா?"

"மாடிப்படி ஏறுறதையே விட்டுட்டா."

பெட்டிக்கும் முட்டிக்கும் என்னடா சம்பந்தம்? பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அவ டிக்கியில இருந்த ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாத்தையும் வெளியே எடுத்து வச்சா. பாட்டு இல்லாம வெறும் 'ம்ம்ம்'னு ஒரு ஒலியை ஓட விட்டு, பெட்டியோட ஒவ்வொரு பக்கமா உள்ளங்கையால அழுத்திப் பார்த்தா. ஒரு இடத்துல 'ட்ர்ர்ர்'னு கேட்டுச்சு. வூஃபரைச் சுத்தி விரலை ஓட்டினா.

"காத்து கசியுது சார். ரெண்டு ஸ்க்ரூ லூஸ்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க?"

அவ ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் குனிஞ்சா. எனக்கு மானம் போச்சு. இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடணும்னு முடிவு பண்ணிக்கிட்டு என் சீட்ல வந்து உக்கார்ந்தேன்.

எதிர்ல வாசல் கேமராவோட திரை. பெரியவர் எப்ப வந்தார்னு பார்க்கலாமேன்னு கொஞ்சம் பின்னாடி ஓட்டினேன்.

பார்த்தா, கார் வந்து ஓரமா நிக்குது. பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துட்டு டிக்கியைத் திறக்கிறார். சட்டைப் பையிலேர்ந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, குனிஞ்சு, பத்து நிமிஷம் எதையோ திருகுறார். அப்புறம் வேர்வையைத் துடைச்சுக்கிட்டுக் கடை வாசலுக்கு வர்றார்.

அடப்பாவி மனுஷா!

அவளை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். "பார்த்தியா? உன் வேலைக்கு உலை வைக்கிறதுக்குன்னே வர்றார். இரு, இன்னிக்கு அவரை உண்டு இல்லைன்னு பண்ணிடுறேன்!"

அவ திரையையே பார்த்துக்கிட்டு நின்னா.

"வேண்டாம்ணே. எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. நான் முறுக்கின ஸ்க்ரூ தானா கழலாதுண்ணே."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன? வேலையே போயிருக்குமே, பைத்தியமா உனக்கு?"

"அவர் எங்கப்பாண்ணே."

நான் வெளியே கார் பக்கத்துல நிக்கிற பெரியவரை எட்டிப் பார்த்தேன்.

"கார் டிக்கிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வேலை பார்க்கிற பொண்ணு என் வீட்டுக்கு வேண்டாம்னு அனுப்பிட்டார். மூணு வருஷம் ஆச்சு. அம்மாவையும் பேச விடல. இப்ப வரச் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரல. நானா போய் நிக்க எனக்கும் வீம்பு. அப்பா புத்திதானே எனக்கும்? இந்தச் சத்தம் வந்தாத்தாண்ணே நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்."

கோபம் போன இடம் தெரியல. கொஞ்சம் முன்னாடி அவளை வீட்டுக்கு அனுப்ப இருந்தோமேன்னு நினைச்சதும் எனக்கே என் மேல வெறுப்பா இருந்துச்சு.

"சரி, போ. அவசரப்படாம பாரு. இன்னும் நாலு கேள்வி கேளு"ன்னேன்.

முக்கால் மணி நேரம் கழிச்சுப் பெரியவர் காரை எடுத்துக்கிட்டுப் போனார். அவ கை துடைச்சுக்கிட்டு வந்தா.

"எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிட்டியா?"ன்னு கேட்டேன்.

"ஆறை முறுக்கிட்டேண்ணே. ரெண்டை மட்டும் விரலாலேயே கழட்டுற மாதிரி விட்டிருக்கேன்."

"ஏன்?"

"அப்பாவுக்கு இப்பல்லாம் கை நடுங்குதுண்ணே. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியல."