இடது கதவு

“இடது கதவைச் செதுக்கினவன் தண்ணி போட்டுட்டுத்தான் உளியைப் பிடிச்சிருக்கணும்.”

பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பையோடு வாசலில் ஒதுங்கி நின்ற பெண்தான் அவனுடைய மனைவி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் புருஷன் டீயையே அளந்து குடிக்கிற ஆள்.

அந்தப் பட்டறையின் பெருமையே இரட்டைக் கதவுதான். மெஷின் கிடையாது, அச்சு கிடையாது. அண்ணன் ஒரு கதவு, தம்பி ஒரு கதவு என்று எதிரெதிரே உட்கார்ந்து செதுக்குவார்கள். முடிந்ததும் சேர்த்து மூடினால், இந்தப் பக்கத்துக் கொடி அந்தப் பக்கம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் கேட் திறந்ததும் ஆட்கள் வருவார்கள்.

உள்ளே போனாள். வலது கதவின் முன்னால் அவள் கணவனின் அண்ணன். கதவில் இருந்த கொடி, தொட்டால் அசையும் போலிருந்தது. இடது கதவின் முன்னால் அவள் கணவன், தலையைக் குனிந்தபடி. அந்தக் கதவில் தண்டு கோணிக் கிடந்தது. ஒன்றைத் தவிர இலை நுனிகளெல்லாம் உடைந்து, பொக்கை வாய் மாதிரி.

முதலாளி பக்கத்தில் நின்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கதவு கேட்டவர்கள் இன்று வந்து பார்த்ததையும், இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனதையும் சொன்னார்.

“இதைச் செஞ்ச கை இனிமே இங்க உளியைத் தொடக் கூடாது. பின்பக்கம் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டும்.”

“சரிங்க” என்றான் அவள் கணவன். அவ்வளவுதான்.

உளியைப் பிடுங்கிவிட்டால் அவன் பாதி ஆள் என்று அவளுக்குத் தெரியும். தூக்கத்தில்கூடப் போர்வையில் கொடி வரைகிறவன்.

கூடப் பிறந்த அண்ணனாவது வாயைத் திறக்கக் கூடாதா? அவருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் கல்லுளிமங்கன். மனைவி போனதும் இவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். விடிவதற்கு முன்பே தம்பியை எழுப்பி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவார். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைக்கூட அறைக்குள் எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். அப்படி என்ன கௌரவமோ. பட்டறையிலும் அதே கதைதான். ஆட்கள் வந்துவிட்டால் உளியைத் தொட மாட்டார். பெரிய மனுஷன் மாதிரி பிரஷ்ஷை வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பார்.

இப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவளால் தாங்க முடியவில்லை. முதலாளி நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

“பெரியத்தான், உங்க தம்பி மானம் போகுது. ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?”

“நீ பேசாம வீட்டுக்குப் போ” என்று பல்லைக் கடித்தான் கணவன். அவளை அவன் அப்படி அதட்டியதே இல்லை.

அதற்குள் அடுத்த கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. முதலாளி முகத்தை மாற்றிக்கொண்டு, வாங்க வாங்க என்றார். பெரியவரைக் காட்டி, இந்தப் பட்டறையின் பெயரே இவர் கையில்தான் நிற்கிறது என்றார். தம்பியைப் பார்த்து, பின்பக்கம் போ என்று கண்ணைக் காட்டினார்.

தம்பி எழுந்திருக்கப் போனான்.

பெரியவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து மரச்சீவல்களை மிதித்துக்கொண்டு இடது கதவுக்கு வந்தார். தம்பி அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, வேணாம். போய் உட்காருங்க. உளி போச்சுன்னா அப்புறம் உங்களுக்கு என்ன இருக்கு?”

“தள்ளுடா” என்றார் அவர். “கேட் திறந்த பிறகுதானே நாம இடம் மாறி உட்கார்றோம். இது நான் செதுக்கின கதவு.”



அவர் உட்கார்ந்தார். உளியை எடுத்து, உடையாமல் மிச்சமிருந்த ஒரே இலையின் நுனியில் வைத்தார். உளி அவர் பிடிக்குள் நிற்காமல் மரத்தில் தானாக டக் டக்கென்று அடித்துக்கொண்டது. முதலாளியும் கூட்டமும் அவளும் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டாப்புளியை ஓங்கி ஒரே போடாகப் போட்டார். அந்த நுனியும் மற்றவை மாதிரியே பெயர்ந்து தெறித்தது.