பதிலுக்கு நின்ற பெயர்

ஞாயிறு பூசையில் பிரகாசி டீச்சர் மன்றாட்டு வாசிக்க எழுந்ததும், ஆண்கள் பக்கம் நின்ற அந்தப் பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

இனி பதில் சொல்வதில்லை. அப்படித்தான் முடிவு.

மனைவி சலேத்மேரியை அடக்கம் செய்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவருக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முப்பதாம் நாள் பூசை வரை வருவேன், அதற்குப் பிறகு கோவிலுக்கு என்னைக் கூப்பிடாதே என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

கோபம் வராமல் என்ன செய்யும்?

அவள் நோயில் கிடந்த பதினோரு மாதமும் கேட்டார். கொஞ்சமாகவா கேட்டார்!

இந்தக் கோவிலில் நோயாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகத்தான் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். சலேத்தின் பெயர் வந்தால் அவர் குரல் எல்லார் குரலையும் தாண்டிப் போகும். பூசை ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்கும். வீட்டில் கட்டிலில் படுத்தபடி அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மைக்கு இல்லாமலே ஒங்க சத்தம் வீடு வரைக்கும் வருது. ஆண்டவருக்கு ஒண்ணும் காது மந்தமில்ல, மெதுவாச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்தால் வலிக்கும். அப்படியும் சிரிப்பாள்.

டீச்சர் திருச்சபைக்காக வாசித்தார். மழைக்காக வாசித்தார். கோவில் பதில் சொன்னது. அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோயுற்றிருக்கும் சலேத்மேரி பூரண சுகம் பெற வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பழைய தாளைப் பார்த்து இந்த வாரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அவள் பெயரை அடிக்க யாரோ மறந்துவிட்டார்கள்.

வாசித்து முடித்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. அதனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீடத்தில் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

பெயர் அப்படியே நின்றது.

பதினோரு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் பெயர் இப்படிப் பதில் இல்லாமல் நின்றதில்லை. அவர் விட்டதில்லை.

அவரால் தாங்க முடியவில்லை. சண்டை அவருக்கும் ஆண்டவருக்கும். நடுவில் அவள் என்ன பாவம் செய்தாள்?

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

தன்னந்தனியாகச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தி, மீதியையும் சொல்லி முடித்தார்.

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

பிறகு கோவிலே சேர்ந்து இன்னொரு முறை சொன்னது.

அவளுக்காகக் கேட்க இனி ஒன்றுமே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். சோற்றில் கை வைக்கவிடாமல் அவரை அரித்தது அதுதான். இப்போது கேட்டுவிட்டார். அவளுக்கு வலி இருக்கக் கூடாது. இத்தனை மாதமும் அவர் கேட்டது அதுதான். அதை இன்றைக்கும் கேட்கலாம் போலிருக்கிறது. நாளைக்கும் கேட்கலாம்.

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

டீச்சர் மன்னிப்புக் கேட்பதுபோல் அவரைப் பார்த்தார்.

வாசிங்க என்று அவர் தலையசைத்தார்.

"நோயுற்றிருக்கும் சவேரியப்பன் பூரண சுகம் பெற வேண்டுமென்று..."

புதிதாகச் சேர்ந்த, அவருக்குத் தெரியாத பெயர்.

டீச்சர் முடிப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்தது. தேவைக்கு மேலே சத்தமாக.

யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்து, அந்தக் குரலுக்குத் துணையாக அவரும் சொன்னார்.