சுற்றுவழியில் வந்த வெளிச்சம்

"லட்சுமணன் வரலைங்க சார்."

ஜீப் டிரைவர் ராஜாக்கண்ணு இப்படிச் சொன்னதும் அருணகிரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறான் சார். வூட்டுக்கே போய்க் கூப்ட்டேன். இன்னிக்கு வரமாட்டேன்னு சொல்லிடுன்னான். இன்னாடா விஷயம்னு கேட்டேன். வாயே தொறக்கல."

இன்றைக்குப் பார்த்தா வராமல் இருப்பான்? பதினான்கு மாதமாக அருணகிரி நாள் எண்ணிக் காத்திருந்த ராத்திரி இது.

ஜவ்வாது மலை வானாய்வுக் கூடத்தில், 1984 ஜனவரியில், ஒரு குவாசார் திடீரென்று பிரகாசமானதை அவர் படம் பிடித்திருந்தார். குவாசார் என்றால் நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் எரியும் ஒரு வெளிச்சம். இந்தக் குவாசார் வானத்தில் இரண்டாகத் தெரியும். நடுவில் மறித்து நிற்கும் ஒரு நட்சத்திரக் கூட்டம், தன் கனத்தால் அதன் வெளிச்சத்தை இரண்டு பக்கமும் வளைத்து அனுப்புகிறது.

லட்சுமணனுக்கு இதை விளக்கியவரே அருணகிரிதான்.

"ஒரே சேதியை ரெண்டு ஆள்கிட்ட சொல்லி அனுப்பறோம்னு வச்சுக்கோ. ஒருத்தன் குறுக்குவழியா வந்துட்டான். இன்னொருத்தன் மலையைச் சுத்திக்கிட்டு வர்றான். லேட்டா வந்தாலும் அவன் சொல்றதும் அதே சேதிதான். எவ்வளவு லேட்டுன்னு தெரிஞ்சா, நடுவுல இருக்கற மலை எவ்வளவு கனம்னு கணக்குப் போட்டுடலாம்."

"அப்போ அன்னிக்குப் பாத்த வெளிச்சம் மறுபடியும் வருங்களா?"

"வரும். அதே வெளிச்சம். அதே ராத்திரியே திரும்பி வர்ற மாதிரின்னு வச்சுக்கோயேன்."

"எந்தத் தேதிங்க?"

முந்தைய வருஷங்களின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த வருஷம் மார்ச் பதினாறு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதன் பிறகு அந்தத் தேதியை லட்சுமணன் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். "மலைக்காரனுக்கு விஞ்ஞானத்துல எவ்வளவு ஆர்வம் பாருங்க" என்று அருணகிரி மற்றவர்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பெரிய தொலைநோக்கி படம் பிடிக்கும் மூன்று மணி நேரமும், பக்கத்துச் சின்னக் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு, நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு நகராமல் பொத்தானை அழுத்தி அழுத்திப் பிடித்து வைப்பது லட்சுமணன் வேலை. அவன் கையில் நட்சத்திரம் கட்டிப்போட்ட கன்றாக நிற்கும். ஜனவரிப் படம் அப்படிக் கிடைத்ததுதான். அதைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த கட்டுரையில் மூன்று பேர் பெயர் இருந்தது. லட்சுமணன் பெயர் இல்லை. அதெல்லாம் போடுகிற வழக்கமும் இல்லை.

வேறு வழியில்லாமல் அன்றைக்கு ராஜாக்கண்ணுவை உட்கார வைத்தார். பாவம், ஜீப் ஓட்டிப் பழகிய கை. விடிகாலையில் படம் பதிந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் நட்சத்திரம் எல்லாம் புழுவாக நெளிந்திருந்தது.

அருணகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. சுற்றுவழியில் வந்த வெளிச்சமும் போயே போய்விட்டது. மூன்றாவது வழி கிடையாது.

"வண்டியை எடுய்யா. அவனை நாலு வார்த்தை நேர்ல கேட்டாத்தான் எனக்கு ஆறும். வேலையை விட்டே தூக்கிடறேன்."

லட்சுமணன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தரை புதிதாக மெழுகியிருந்தது. உள்ளே, விடிந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் கண் இரண்டும் சிவந்து கிடந்ததைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்றே அருணகிரி முடிவு கட்டினார்.

"குடிச்சிருக்கியா?"

"இல்லீங்க சார்." எழுந்து நின்றான்.

"பின்ன ராத்திரி பூரா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"முழிச்சிக்கினு இருந்தேங்க. வூட்லயே."

"வருஷம் பூரா தேதி கேட்டுத் தொளைச்சியே, இதுக்குத்தானா?"

லட்சுமணன் உள்ளே எரிந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"போன வருஷம் அந்தப் படம் புடிச்ச அன்னிக்கி, இருட்டுனதும் ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சுங்க. கெங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குது, உன்னத்தான் கேட்டுக்கினு கீது, வந்துடுன்னு."

கெங்கம்மாள் அவன் மனைவி. போன வருஷம் அவள் இறந்துபோனது அருணகிரிக்குத் தெரியும். நான்கு நாள் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். என்றைக்குப் போனாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"ஏன்யா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க பிளேட்டு மாட்டிட்டீங்க. கண்ண எடுத்தா எல்லாம் வீணாப் பூடும்னீங்க. முடிச்சிக்கினு ஓடியாந்தேன். அதுக்குள்ள போயிடுச்சு. கடேசி வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்துச்சாம்."

ராஜாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போனவ வரமாட்டான்னு எனக்கும் தெரியும்ங்க" என்றான் லட்சுமணன். "ஆனா அதே ராத்திரி மறுபடியும் வருதுன்னு நீங்க சொன்னீங்க. இந்த வாட்டியாச்சும் நான் வூட்ல இருக்கணும்னு தோணுச்சு."